கிராஃபீன் பேட்டரியா, லித்தியம் பேட்டரியா? பெங்களூரில் மின்சார வண்டி வாங்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நான் பெங்களூரில் மின்சார வண்டிகளின் பேட்டரி பேக்குகளைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். வீடு அல்சூரில். எங்கள் சித்தப்பா சென்ற வருடம் ஒரு சின்ன மின்சார ஸ்கூட்டர் வாங்கினார். "இது கிராஃபீன் பேட்டரி சார், லித்தியத்தைவிடப் புதுசு, அதைவிட உசத்தி" என்று கடையில் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே வரிசையாக ஐந்து ஈய பேட்டரிகள். விஷயத்தைச் சொன்னபோது அவர் முகம் வாடியதை என்னால் மறக்க முடியவில்லை. அதற்கப்புறம் மர்பி டவுன், லிங்கராஜபுரம், ஈஜிபுரா என்று தெரிந்தவர்கள் பலர் வண்டி வாங்குமுன் என்னைக் கேட்க ஆரம்பித்தார்கள். அந்தக் கேள்விகளும் பதில்களும்தான் இவை.

கிராஃபீன் என்பது உண்மையில் என்ன?

பென்சிலின் கறுப்பு முனை கிராஃபைட். கரி அணுக்களால் ஆன மெல்லிய ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த கட்டு அது. பென்சில் தாளில் எழுதுவதே அந்த ஏடுகள் வழுக்கிக்கொண்டு உதிர்வதால்தான். அந்தக் கட்டிலிருந்து ஒரே ஒரு ஏட்டை உரித்தெடுத்தால் அதுதான் கிராஃபீன். அதன் தடிமன் ஒரு அணு.

2004-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் சாதாரண ஒட்டும் டேப்பை வைத்து இதை உரித்துக் காட்டினார்கள். 2010-ல் இருவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. மின்சாரத்தையும் வெப்பத்தையும் இது அபாரமாகக் கடத்தும். ஒரு கிராம் கிராஃபீனை முழுதாக விரித்தால் அதன் இரு பக்கமும் சேர்த்து சுமார் 2,630 சதுர மீட்டர் பரப்பு வரும். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், முப்பதுக்கு நாற்பது அடி வீட்டு மனை (சைட்) இருபத்துமூன்றுக்கும் மேல். ஒரு கிராமில் அவ்வளவு இடம்! பேட்டரி செய்கிறவர்களுக்கு இதன்மேல் ஆசை வந்ததில் வியப்பில்லை.

மூலப்பொருளான கிராஃபைட் நம் சிவகங்கைப் பக்கமே கிடைக்கிறது. தமிழ்நாடு கனிம நிறுவனம் அங்கே தோண்டி எடுக்கிறது.

அப்படியென்றால் கிராஃபீன் பேட்டரி எது?

இந்த ஒரு கேள்விக்கு விடை புரிந்துவிட்டால் மீதிக் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

பேட்டரிக்குப் பெயர் வைப்பது அதற்குள் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் வேதிப்பொருளை வைத்து. ஈயமும் கந்தக அமிலமும் அந்த வேலையைச் செய்தால் லெட் ஆசிட். லித்தியம் அயனி இந்த முனைக்கும் அந்த முனைக்கும் போய்வந்தால் லித்தியம் அயனி. இன்றைக்குக் கடையில் கிடைக்கும் எந்தப் பொருளிலும் கிராஃபீன் அந்த இடத்தில் இல்லை. மின்சாரம் சுலபமாக ஓட, சூடு பரவ, தகடு சீக்கிரம் கெடாமல் இருக்க, கொஞ்சமாகச் சேர்க்கிறார்கள். சாம்பாரில் பெருங்காயம் போல. பெருங்காயம் நல்லதுதான், மணமும் வரும். ஆனால் குழம்பு பருப்பில் செய்ததா இல்லையா என்பதை அது தீர்மானிக்காது.

ஆகவே "கிராஃபீன் பேட்டரி" என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி: "சரி, எதில் கலந்த கிராஃபீன்? ஈயத்திலா, லித்தியத்திலா?"

நம் கடைகளில் ஸ்கூட்டரோடு வருவது எது?

பெரும்பாலும் ஈயம். மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத, 250 வாட்டுக்குள் மோட்டார் உள்ள சின்ன வண்டிகள் இருக்கின்றன அல்லவா, பதிவும் ஓட்டுநர் உரிமமும் தேவைப்படாதவை, அவற்றில்தான் இந்தப் பெயர் அதிகம் அடிபடுகிறது. சீனாவில் இரு சக்கர வண்டிகளுக்கு வந்த மேம்பட்ட ஈய பேட்டரிகளின் பெயர் இது. அங்கிருந்து இங்கேயும் பரவிவிட்டது.

அதில் கிராஃபீனோ வேறு வகைக் கரியோ கலப்பதால் பயன் இல்லையா என்றால், உண்டு. ஈய பேட்டரியை அரைகுறை சார்ஜில் போட்டு வைத்தால் எதிர்முனைத் தகட்டில் ஈய சல்ஃபேட் கெட்டிப் படிகமாகப் படியும். அப்புறம் அது சார்ஜை ஏற்காது. கரி கலந்தால் இந்தப் படிவு மெதுவாகிறது, சார்ஜ் ஏறுவதும் கொஞ்சம் மேம்படுகிறது. சாதாரண ஈய பேட்டரியோடு ஒப்பிட்டால் இது நல்ல முன்னேற்றம் என்றுதான் நான் சொல்வேன். லித்தியத்தைவிட உசத்தி என்று சொல்லி விற்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

வாங்குமுன் நானே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். கருவி எதுவும் வேண்டாம். சீட்டையோ கால் வைக்கும் பலகையையோ திறந்து காட்டச் சொல்லுங்கள். செங்கல் மாதிரி தனித்தனிப் பெட்டிகள் நாலு, ஐந்து அல்லது ஆறு, ஒவ்வொன்றிலும் 12 வோல்ட் என்று எழுதி, வயரால் ஒன்றோடொன்று கோத்திருந்தால் அது அநேகமாக ஈயம். லித்தியம் பொதுவாக ஒரே பெட்டியாக, இரும்பு அல்லது அலுமினியக் கூட்டுக்குள் வரும். அதற்குள் பிஎம்எஸ் என்ற காவல் பலகை இருக்கும். ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் சூட்டையும் கவனித்து, எல்லை மீறினால் துண்டிப்பது அதன் வேலை.

லேபிளையும் பாருங்கள். குறுக்குக் கோடு போட்ட குப்பைத்தொட்டிப் படத்துக்குக் கீழே Pb என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது ஈயத்தின் குறியீடு. அப்புறம் தூக்கிப் பாருங்கள். 20 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள ஒரே ஒரு 12 வோல்ட் ஈயப் பெட்டி ஏழு கிலோவை ஒட்டி இருக்கும்.

கடைக்காரர் திறந்து காட்ட மறுத்தால் நான் அந்த வண்டியை வாங்க மாட்டேன். பேட்டரி வகையை பில்லில் எழுதித் தரச் சொல்வதும் உங்கள் உரிமை. "கிராஃபீன்" என்று மட்டும் எழுதினால் போதாது, "லெட் ஆசிட்" அல்லது "லித்தியம் அயனி" என்று இருக்க வேண்டும்.

எடையிலும் தூரத்திலும் எவ்வளவு வித்தியாசம் வரும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 வோல்ட், 32 ஆம்பியர்-மணி செட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 1,920 வாட்-மணி. செட்டில் சேர்த்து வைக்கக்கூடிய மின்சாரம் அவ்வளவு. ஈய பேட்டரி ஒரு கிலோவுக்கு 30 முதல் 50 வாட்-மணி வரை கொள்ளும். நடுவில் 40 என்று எடுத்தால் செட்டின் எடை 48 கிலோ. லித்தியத்தில் பாதுகாப்பான எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகையில், கூடும் பிஎம்எஸ்ஸும் சேர்த்துக் கிலோவுக்கு 120 என்று எடுத்தால் அதே கொள்ளளவு 16 கிலோவில் முடிந்துவிடும். வித்தியாசம் 32 கிலோ. பள்ளிக்கூடப் பையோடு ஒரு பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்து எந்நேரமும் ஓட்டுவது போல. பிரேக் பிடிக்கும்போதும், லிப்ட் இல்லாத வீட்டில் பேட்டரியைக் கழற்றி மேலே தூக்கும்போதும் இது நன்றாகவே தெரியும்.

தூரத்துக்கு வருவோம். வண்டி கிலோமீட்டருக்கு 25 வாட்-மணி எடுக்கிறது என்று கொண்டால், ஈய செட்டில் எண்பது சதவீதத்தை மட்டும் செலவழித்து சுமார் 60 கிலோமீட்டர். லித்தியத்தில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தாராளமாக எடுக்கலாம், 70 கிலோமீட்டர். புதுசில் இந்தப் பத்து கிலோமீட்டர் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஒரு வருடம் கழித்துத்தான் இடைவெளி விரியும்.

இன்னொன்று. ஈய பேட்டரியிலிருந்து மின்சாரத்தை வேகமாக இழுத்தால் அதன் கொள்ளளவே குறைந்துவிடும். அல்சூர் ஏரிப் பக்கமிருந்து ட்ரினிட்டி சர்க்கிள் மேடு ஏறும்போதும், மேம்பாலத்தில் இரண்டு பேராக ஏறும்போதும் வண்டி முக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். லித்தியத்தில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

எது அதிக நாள் உழைக்கும்? கடைசியில் எது மலிவு?

முழுதாக இறக்கி ஏற்றும் கணக்கில் ஈய பேட்டரி பொதுவாக 300 முதல் 500 சுற்று. கிராஃபீன் கலந்ததில் இது கொஞ்சம் கூடலாம். லித்தியத்தில் என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் சேர்ந்தது) வகை சுமார் ஆயிரம், எல்எஃப்பி இரண்டாயிரத்துக்கும் மேல். விலையில் லித்தியம் ஈயத்தைப்போல இரண்டு, மூன்று மடங்கு.

தினமும் 60 கிலோமீட்டர் ஓட்டும் டெலிவரித் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார். வருடத்துக்கு 300 நாள் ஓட்டினால் 300 சுற்று. ஈய செட் ஒரு வருடத்திலேயே தளர்ந்துவிடும். மூன்று வருடத்தில் அவர் இரண்டு, மூன்று செட் மாற்ற வேண்டியிருக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கடன் வாங்க வேண்டும், ஒரு நாள் வேலையும் போகும். அவரிடம் யோசிக்காமல் லித்தியம் என்று சொன்னேன்.

எங்கள் சித்தப்பா நிலைமை வேறு. காலையில் மார்க்கெட்டுக்குப் போய்ப் பூ எடுத்துவந்தால் முடிந்தது, ஒரு நாளைக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர்தான். அவருக்குச் சுற்றுக் கணக்கு பொருட்டே இல்லை. ஓடாவிட்டாலும் ஈய பேட்டரிக்கு வயது ஆகும், இரண்டு மூன்று வருடத்தில் தளரும். ஆனாலும் அவருடைய உபயோகத்துக்கு அந்தச் செட் மோசமில்லை. பழைய செட்டைத் திருப்பிக் கொடுத்தால் ஈயத்துக்கு நல்ல விலையும் கிடைக்கும். பெயரைச் சொல்லி ஏமாற்றாமல் உள்ளதைச் சொல்லி விற்றிருந்தால் அவரே அதைத் தேர்ந்தெடுத்திருப்பார். எனக்கு ஆதங்கம் அதில்தான்.

வாரண்டியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தயாரித்தவரே தன் பொருளின்மேல் எத்தனை மாதம் நம்பிக்கை வைத்திருக்கிறார் என்று அதில் தெரிந்துவிடும்.

கிராஃபீன் என்றால் பத்தே நிமிடத்தில் சார்ஜ் ஆகுமாமே?

வீட்டுச் சுவரில் இருக்கும் பிளக்கை வைத்தே இதைச் சரிபார்க்கலாம். மேலே சொன்ன 1,920 வாட்-மணியைப் பத்து நிமிடத்தில் ஏற்ற வேண்டுமானால், இழப்பை விட்டுவிட்டாலும், 11,500 வாட்டுக்கு மேல் வேண்டும். வீட்டின் பெரிய 16 ஆம்பியர் பிளக் தருவது அதிகபட்சம் 3,680 வாட். பேட்டரி எவ்வளவு வேகமாக வாங்கத் தயாராக இருந்தாலும் வயர் கொடுக்காது. கிராஃபீன் கலந்த ஈய செட் நடைமுறையில் ஆறு முதல் எட்டு மணி நேரம் எடுக்கிறது. லித்தியம் வழக்கமாக மூன்று, நான்கு மணி நேரம்.

செல்போன் வேறு கதை. அதில் மொத்தமே பதினைந்து, இருபது வாட்-மணிதான். அதனால் சில நிமிடங்களில் ஏற்றுவது சாத்தியம்.

லித்தியம் தீப்பிடிக்கும், கிராஃபீன் பிடிக்காது என்கிறார்களே?

பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 2022-ல் நாட்டில் பல இடங்களில் மின்சார ஸ்கூட்டர்கள் எரிந்தன. லித்தியம் செல்லுக்குள் இருக்கும் திரவம் எரியக்கூடியது. ஒரு செல் கட்டுமீறிச் சூடானால் பக்கத்துச் செல்லும் சூடாகும், அப்படியே தொடரும். என்எம்சி வகையில் செல்லே ஆக்சிஜனையும் வெளியிடுவதால் அணைப்பது கடினம். எல்எஃப்பியில் ஆக்சிஜன் பாஸ்பேட்டோடு இறுகப் பிணைந்திருக்கிறது. அதனால் அது எவ்வளவோ சாது.

அந்த விபத்துகளுக்கு அப்புறம் மத்திய அரசு ஏஐஎஸ் 156 என்ற பாதுகாப்பு விதியைக் கடுமையாக்கியது. 2022 டிசம்பரில் ஒரு கட்டம், 2023 மார்ச் இறுதியில் இன்னொரு கட்டம். ஒரு செல்லில் பிடித்த சூடு பேக் முழுக்கப் பரவுகிறதா என்ற சோதனையும் இதில் உண்டு. பதிவு செய்யும் வண்டி வாங்கும்போது இந்தச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஈய பேட்டரியின் திரவத்தில் தண்ணீர் இருப்பதால் அது தானாக எரியாது. அதுவரை கடைக்காரர் சொல்வது சரி. அதற்குக் காரணம் கிராஃபீன் அல்ல. அதோடு, அளவுக்கு மீறிச் சார்ஜ் போட்டால் ஈய பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை விடும். மூடிய அறையில் அது ஆபத்து. தளர்ந்த வயர் முனையில் பொறி பறந்தாலும் பிளாஸ்டிக் பற்றிக்கொள்ளும். இரண்டில் எதுவானாலும் படுக்கை அறையிலோ வாசல் கதவை ஒட்டியோ சார்ஜ் போடாதீர்கள். வெளியேறும் வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும்.

பெங்களூர் வெயிலும் மழையும் பேட்டரிக்கு எப்படி?

வெயில் விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். கடல்மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே இருக்கிறோம், சென்னை வெக்கை இங்கே இல்லை. ஈய பேட்டரிக்குச் சராசரிச் சூடு பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது தொழிலில் இருப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. சென்னையில் இரண்டு வருடம் உழைப்பது இங்கே கூடுதலாக உழைக்கும். கவலை மழைதான். தரைக்குக் கீழே பார்க்கிங் உள்ள கட்டடங்களில் தண்ணீர் புகுவதைப் பார்த்திருக்கிறோம். முழுகிய பேட்டரியைக் காய வைத்து மறுபடி சார்ஜ் போடவே கூடாது.

கிராஃபீன் பவர் பேங்க் என்று ஆன்லைனில் விற்கிறார்கள். அதுவும் ஈயமா?

இல்லை, அது லித்தியம். உள்ளே கொஞ்சம் கிராஃபீன் பூச்சு இருக்கலாம். சூடு குறையும், சார்ஜ் வேகம் கொஞ்சம் கூடும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: சாதாரண லித்தியம் பேட்டரியின் எதிர்முனையே கிராஃபைட்தான். கிராஃபீனின் தாய்ப் பொருள் ஏற்கனவே உங்கள் போனுக்குள் இருக்கிறது.

போட்ட கிராஃபீன் உண்மையானதுதானா?

நல்ல கேள்வி, அதிகம் பேர் கேட்பதில்லை. பத்து ஏடு வரை இருந்தால்தான் கிராஃபீன் குடும்பம் என்று சொல்லலாம். அதற்கு மேல் தடித்தால் அது வெறும் மெல்லிய கிராஃபைட். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தினர் உலகம் முழுக்க 60 நிறுவனங்கள் விற்ற கிராஃபீன் தூளை வாங்கிச் சோதித்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலானவற்றில் உண்மையான கிராஃபீன் பத்து சதவீதம்கூட இல்லை. ஐம்பது சதவீதத்தைத் தாண்டியது ஒன்றுகூட இல்லை. தூள் விற்கிறவர்களிடமே இந்த நிலை என்றால், பேட்டரிப் பெட்டியின்மேல் ஒட்டிய ஸ்டிக்கரை வைத்து என்ன முடிவு செய்ய முடியும்?

நிஜமான கிராஃபீன் பேட்டரி வரவே வராதா?

ஆராய்ச்சி மும்முரமாக நடக்கிறது, எனக்கும் அதில் பெரிய ஆர்வம் உண்டு. 2017-ல் சாம்சங் ஆராய்ச்சியாளர்கள் "கிராஃபீன் பந்து" என்ற ஒன்றை லித்தியம் பேட்டரியில் சேர்த்து, கொள்ளளவு 45 சதவீதம் கூடியதாகவும் சார்ஜ் வேகம் ஐந்து மடங்கானதாகவும் எழுதினார்கள். அதுவும் லித்தியம் பேட்டரிதான் என்பதைக் கவனியுங்கள். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஒரு நிறுவனம் கிராஃபீனையும் அலுமினியத்தையும் வைத்து, லித்தியமே இல்லாத பேட்டரிக்கு முயன்று வருகிறது.

ஆய்வகத்தில் ஒரு நாணய அளவு செல் வேலை செய்வதற்கும் லட்சக்கணக்கில் ஒரே தரத்தில் செய்வதற்கும் நடுவே நீண்ட தூரம். லித்தியமே அப்படித்தான் வந்தது. எழுபதுகளில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் தொடங்கினார், 1980-ல் ஜான் குட்இனஃப் கோபால்ட் ஆக்சைடைக் கொடுத்தார், 1985-ல் அகிரா யோஷினோ பாதுகாப்பான வடிவத்தைச் செய்தார், 1991-ல் சோனி சந்தைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் நோபல் கிடைத்தது 2019-ல். குட்இனஃபுக்கு அப்போது 97 வயது. அவருக்குப் பதிலாக ஸ்டாக்ஹோமில் நோபல் உரை நிகழ்த்தியவர் தமிழ்நாட்டில் ஒரு சின்னக் கிராமத்தில் பிறந்து மதுரையில் படித்த ஆறுமுகம் மந்திரம். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும்.

ஈய வண்டியில் பிறகு லித்தியம் மாற்றிக்கொள்ளலாமா?

மாற்றலாம், ஆனால் சார்ஜரையும் கட்டாயம் மாற்ற வேண்டும். 60 வோல்ட் ஈய சார்ஜர் சுமார் 73.5 வோல்ட் வரை ஏற்றும். 17 செல் வரிசையுள்ள என்எம்சி பேக்கின் உச்சம் 71.4 வோல்ட். பழைய சார்ஜரையே போட்டால் உங்களைக் காப்பாற்ற பிஎம்எஸ் ஒன்றுதான் மிச்சம், அது பழுதானால் அவ்வளவுதான். மின்னணுச் சாமான்கள் விற்கும் எஸ்.பி. ரோட்டில் செல் வாங்கித் தெருமுனையில் கட்டிக்கொள்ளும் யோசனை சிலருக்கு இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். எந்தப் பழைய பேக்கிலிருந்து கழற்றிய செல் என்று தெரியாமல் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

வீட்டு இன்வெர்ட்டருக்கு எது நல்லது?

கரன்ட் எப்போதாவது போகிற வீட்டுக்கு ஈயமே போதும், எடை அங்கே பிரச்சினை இல்லை. காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

பழைய பேட்டரியை என்ன செய்வது?

ஈய பேட்டரியைப் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். அமிலத்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டு ஈயத்தைத் திறந்த வெளியில் உருக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் புகை அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி, ஈயமோ லித்தியமோ, திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. புதுசு வாங்கும் கடையிலேயே கொடுத்து, எத்தனை பெட்டி, என்ன எடை, எவ்வளவு கழித்தார்கள் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். லித்தியம் பேக் உப்பியிருந்தால் ஆணியோ ஸ்க்ரூ டிரைவரோ அருகில் கொண்டுபோகாமல், பழைய துணி, காகிதம் எதுவும் பக்கத்தில் இல்லாத வெட்டவெளியில் வைத்துவிட்டு, சர்வீஸ்காரரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். வண்டியில் கட்டி நீங்களே எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.